பகல் முறை

“அங்கனயே நில்லு தம்பி. கையக் கழுவாம வாசலத் தாண்டாத.”

சுருளியம்மாள் உள்ளேயிருந்து சொன்னாள். வெந்நீர்ப் பானையைப் பழந்துணியால் பிடித்துக்கொண்டு சுவக்கீன் தன் வீட்டு வாசலிலேயே நின்றான். பானை கையைச் சுட்டது. அதைக் கீழே வைத்துவிட்டு, சுவரோரம் பலகைமேல் இருந்த பீங்கான் கிண்ணத்தில் கைகளை நனைத்தான். கிருமி கொல்லும் செம்மருந்து கரைத்த தண்ணீர். மூன்று வாரமாக அதில் கழுவிக் கழுவி அவன் நகங்கள் பழுப்பேறியிருந்தன. பாக்டரியில் தேயிலைப் பெட்டி அடிக்கும் இடத்தில் கூட வேலை செய்பவர்கள் அந்த நகங்களைப் பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளியே உட்கார்ந்தார்கள்.

உள்ளே அவன் மனைவி கத்தரீனாள் கிடந்தாள். காய்ச்சல் வந்து அன்றைக்கு இருபதாம் நாள்.

பானையை வாங்கிக்கொண்ட சுருளியம்மாள் அதில் பாதியைக் குளிர்ந்த தண்ணீரோடு கலந்து, முழங்கையை விட்டுப் பதம் பார்த்தாள். அறுபதைத் தாண்டியவள். எஸ்டேட் பதிவிலிருந்து பேர் வெட்டி நாலு வருஷமாகிவிட்டதால் காட்டு வேலைக்குப் போவதில்லை. ஒரு துணியை நனைத்துப் பிழிந்து கத்தரீனாளின் வலது கையை மட்டும் போர்வைக்கு வெளியே எடுத்துத் துடைத்தாள். துடைத்த கையை உள்ளே வைத்து மூடிய பிறகுதான் இடது கையை எடுத்தாள். அவசரம் எதுவும் இல்லை. யாரோ பக்கத்தில் நின்று எண்ணிச் சொல்வது மாதிரி ஒவ்வொன்றாகச் செய்தாள்.

சுவக்கீன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டில் அவன் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. விறகு பிளப்பான், தண்ணீர் எடுப்பான், கழுவு என்றால் கழுவுவான்.

எஸ்டேட்டில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். குடல் காய்ச்சல் என்றார். இதற்கு மருந்து கிடையாது, பார்த்துக்கொள்வதுதான் மருந்து என்றார். திடமாக எதுவும் வயிற்றுக்குள் போகக்கூடாது. உட்கார வைக்கக்கூடாது. டோலி கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதும் ஆபத்து. அசைந்தால் குடல் கிழியும். மூன்றாவது வாரம் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்வாள்.

காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். மேல் பங்களாத் துரையின் ஆறு வயது மகளுக்கு இதே காய்ச்சல் வந்து, நர்ஸும் கத்தரீனாளும் இருபத்தெட்டு நாள் பக்கத்திலேயே இருந்தார்கள். அந்தப் பிள்ளை எழுந்து உட்கார்ந்து ரொட்டி தின்ற வாரத்தில் கத்தரீனாள் தலைவலி என்று படுத்தாள்.

மலையிலிருந்த பங்களாக்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு நர்ஸ் என்ற ஏற்பாட்டைப் பதினான்கு வருஷத்துக்கு முன்னால் துரைசாணிகள் கூடிச் செய்தார்கள். அதற்கு ஒரு சங்கம் வைத்தார்கள். சந்தா கட்டுகிற வீட்டில் யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் சீட்டு வரும். நர்ஸ் குதிரையேறிப் போவாள். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த பெண். அவளோடு போய் வெந்நீர் வைக்க, துணி அலசிப் போட, அவள் கண் அயரும்போது விழித்திருக்க ஒருத்தி வேண்டியிருந்தது. சுத்தமானவளாக, இங்கிலீஷ் கொஞ்சம் காதில் விழுந்தவளாக, கைப்பிள்ளை இல்லாதவளாக இருக்க வேண்டும் என்றார்கள். கத்தரீனாளுக்குப் பிள்ளை இல்லை. பங்களாவில் துணி மடித்துக்கொண்டிருந்தவளை அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

முதலில் வந்த நர்ஸ் இரண்டே வருஷத்தில் ஒரு சின்ன துரையைக் கல்யாணம் செய்துகொண்டாள். அடுத்தவள் ஏழு வருஷம் இருந்து, மூட்டுவலியோடு கப்பலேறினாள். இப்போது இருப்பவள் மூன்றாமவள். மூவருக்கும் கத்தரீனாள் ஒருத்திதான். புதிதாக வந்தவளுக்கு எந்தப் பங்களாவுக்குப் போக எந்தக் குறுக்குவழி, எந்தத் துரை காய்ச்சலை மறைப்பார், எந்தத் துரைசாணி பிரசவ வலியில் ஆளைக் கடிப்பாள் என்பதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். சங்கத்துக் காகிதங்களில் அவள் பெயர் ஆயா.

சுவக்கீனுக்கு அந்த வேலை பிடித்ததில்லை. பிடிக்காமல் போனதற்கு ஒரு நாள் உண்டு. விஷக் காய்ச்சல் வந்து உலகமே செத்துக்கொண்டிருந்த வருஷம், ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அவனுடைய அம்மா இதே வீட்டில் மூன்று நாள் தனியாகக் கிடந்து செத்தாள். அவன் அப்போது மலை உச்சியில் டாப் ஸ்டேஷனில் இருந்தான். பெட்டி இறக்கும் கம்பிப் பாதையின் மரமேடை சரிந்துவிட்டதென்று கம்பெனி அவனை அனுப்பியிருந்தது. தகவல் கிடைத்து அவன் வந்தபோது புதைத்தாகிவிட்டது. கத்தரீனாள் கூப்பிடு தூரத்தில், மேல் பங்களாவில் இருந்தாள். அங்கே காய்ச்சல் நுழையாமல் காவல் காத்துக்கொண்டிருந்தாள். பதினோரு நாள் கழித்து, பினாயில் வாடையோடு வீட்டுக்கு வந்தவளிடம் அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“ஒரு வாய்த் தண்ணி குடுக்க ஒனக்கு நேரமில்லயா?”

அவள் பதில் சொல்லவில்லை. அதன் பிறகு அவர்கள் சண்டை போட்டதில்லை. அவள் சோறு ஆக்கினாள், அவன் சாப்பிட்டான். அவள் பங்களாவுக்குப் போனாள். பங்களா வேலை இல்லாத நாட்களில் லயத்தில், கூலிக்காரர் வரிசை வீடுகளில், யார் வீட்டுக்காவது போனாள்.

லயத்தில் அவள் செய்த காரியத்தை அவன் அறிவான், ஆனால் கேட்டு அறிந்ததில்லை. யாராவது படுத்துவிட்டால் பெண்கள் முறை வைத்துக்கொண்டு போய் இருப்பார்கள். முறைக்காரி அன்றைக்குக் கொழுந்து எடுக்கப் போக முடியாதே. அதனால் மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு பிடி கொழுந்தை அவள் கூடையில் போட்டு அவள் பேருக்கு நிறுத்துக் கொடுப்பார்கள். கங்காணி பெரியமுத்து தெரியாதது போல இருந்துவிடுவார். அவருடைய மனைவி பிரசவத்தில் சன்னி கண்டு கிடந்தபோது பதினெட்டு நாள் முறை நடந்தது. கட்டில் ஒன்று வேண்டும், தரையில் கிடப்பவரைப் பார்க்கிறவள் இடுப்பு ஒடிகிறது என்று கத்தரீனாள் ஒரு தடவை சொன்னாள். உடைந்த பெட்டிப் பலகைகளை வைத்து சுவக்கீன் உயரமான கட்டில் ஒன்று அடித்துக் கொடுத்தான். பிறகு இன்னும் இரண்டு. யாருக்கென்று கேட்கவில்லை.

வெயில் ஏறியபோது மேட்டு வழியில் குதிரைக் குளம்பு கேட்டது.

“சிஸ்டரம்மா வந்திருக்காக” என்று எழுந்தாள் சுருளியம்மாள். கையைக் கழுவிக்கொண்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு மேட்டுக்கு ஏறினாள். சுவக்கீனும் பின்னால் போனான். அவனுக்குள் ஏதோ வேகமாக எழுந்தது. இதோ வந்துவிட்டாள், இனி ஒன்றும் ஆகாது என்று தோன்றியது.

நர்ஸ் குதிரையை விட்டு இறங்கி, லயத்துக்கு மேலே பாதை திரும்புகிற இடத்தில் நின்றாள். முப்பது வயதிருக்கும். முகம் வெயிலில் சிவந்திருந்தது. அவர்கள் பத்தடி தூரத்தில் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“காய்ச்சல்?”

“விடியக்காலம் தொட்டுப் பாத்தேன், கொதிக்குது. பாலு நாலு கரண்டி, பார்லித் தண்ணி ஆறு கரண்டி உள்ள போச்சு. ராத்திரி ரெண்டு தடவ வயித்தால போனா. பட்டாணி நெறம். நாக்கு காஞ்சிருக்கு. எலுமிச்சந் தண்ணி தொட்டு வச்சோம்.”

நர்ஸ் தலையசைத்துக்கொண்டே கேட்டாள்.

“வயிறு?”

“லேசா உப்புன மாதிரி இருக்கும்மா.”

நர்ஸ் லயத்துக் கூரையைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி இன்னும் ஏதோ சொன்னாள். சுருளியம்மாள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். நர்ஸ் தன் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலையும் ஒரு பொட்டலத்தையும் எடுத்துப் பாதையோரக் கல்லின்மேல் வைத்தாள்.

“பிராந்தி. ஆரோரூட். சங்கத்துது இல்லை. என்னுது.”

“உள்ள வந்து ஒரு தடவ பாருங்கம்மா” என்றான் சுவக்கீன்.

நர்ஸ் அவனைப் பார்த்தாள். அவளுடைய தமிழ் சொல் சொல்லாகத்தான் வரும்.

“ஆத்தங்கரைப் பங்களாவில் பிரசவம். இன்று, நாளை. நான் உள்ளே வந்தால் அங்கே போகக்கூடாது. உத்தரவு அப்படி.”

“கண்ணால பாத்தாப் போதும்மா.”

“இவர்கள் நன்றாகப் பார்க்கிறார்கள், சுவக்கீன். நான் உள்ளே வந்தாலும் இதைத்தான் செய்வேன். வேறு ஒன்றும் இல்லை.”

சொல்லிவிட்டும் அவள் போகவில்லை. குதிரையின் கடிவாளத்தைக் கையில் சுற்றிக்கொண்டு, கீழே திறந்திருந்த அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். குதிரை புல்லைக் கடித்தது. பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஏறிப் போனாள்.

சுவக்கீன் கல்லின்மேல் இருந்ததை எடுக்கவில்லை. சுருளியம்மாள்தான் எடுத்தாள். எடுத்தவள் இறங்காமல் அந்த இடத்திலேயே நின்றாள்.

“இந்த மேட்டுலதான் அவளும் வந்து நின்னா.”

“யாரு?”

“ஒன் பொஞ்சாதிதான். விசக் காய்ச்சல் வருசம். பங்களாவுல ரெண்டு கைப்பிள்ள. லயத்துக்குள்ள காலு வச்சா திரும்பி வரக்கூடாதுன்னு பெரிய துரைசாணி சொல்லிட்டாக. இவ தூக்குச்சட்டியில கஞ்சி எடுத்துக்கிட்டு இதுவரைக்கும் வந்தா. ‘அத்தே, அத்தே’ன்னு கூப்புட்டா. ஒங்க ஆத்தாளுக்குக் கேட்டுச்சோ என்னமோ. எனக்குக் கேட்டுச்சு. எந்திரிக்க முடியல. அம்புட்டுப் பேரும் சுருண்டு கெடக்கோம். பெறகு ‘யாராச்சும் இருக்கீகளா’ன்னு கத்துனா. ரொம்ப நேரங் கத்துனா. அப்புறம் சத்தம் நின்னு போச்சு.”

சுவக்கீன் அந்தக் கல்லைப் பார்த்தான்.

“நாலு நாளு கழிச்சு நான் தட்டுத்தடுமாறி எந்திரிச்சு வந்து பாக்கேன். இந்தக் கல்லு மேல சட்டி இருக்கு. கஞ்சி புளிச்சு நொரச்சு, மூடிய மீறி வழிஞ்சு காஞ்சிருக்கு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லி?”

சுருளியம்மாள் இறங்கத் தொடங்கினாள். இறங்கிக்கொண்டே பேசினாள். “அடுத்த மாசம் வீடு வீடா வந்தா. துரைசாணிமாரு இப்பிடி இப்பிடிச் செய்யுறாக, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒருத்திய வச்சிருக்காக. நம்மளுக்கு எவ வருவா, நம்மளே முறை வச்சிக்கிட்டா யாரும் தனியாக் கெடக்க வேண்டாம்னா. ஒருத்தியும் சம்மதிக்கல. ஒரு சாதிக்காரி எச்சில இன்னொரு சாதிக்காரி எடுக்குறதான்னு ஒரே ஏச்சு. இவ வாயே தொறக்கல. எவ ஏசுனாளோ அவ வீட்டுக்குத்தான் மொதல்ல போயி மலச்சட்டி தூக்குனா.”

மத்தியானச் சங்கு ஊதியது. அழுக்குத் துணிகளையெல்லாம் ஒரு தகரத்தில் போட்டுத் தலைமேல் வைத்துக்கொண்டாள் சுருளியம்மாள். அவற்றை லயத்துத் தண்ணீரில் அலசக்கூடாது. ஓடை கீழே இறங்குகிற இடத்துக்குக் கொண்டுபோய், அடுப்பு மூட்டி வேகவைத்துக் காயப்போட வேண்டும். அது கத்தரீனாள் வைத்த சட்டம்.

“பகல் முறை அழகுத்தாயிது. இப்ப வந்துருவா. வந்ததும் சிஸ்டரம்மா சொன்னத அவகிட்டச் சொல்லணும், நான் ஓடையில இருக்கேன்னு சொல்லு. நீ உள்ள போயி சும்மா உக்காந்திரு. ஈ அண்டாமப் பாத்துக்க.”

அழகுத்தாய் வரவில்லை. சுவக்கீன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்து, விசிறியால் ஈ ஓட்டினான். கதவு வழியாக எதிர்ச்சரிவு தெரிந்தது. கொழுந்துக் காட்டில் பெண்களின் தலைத்துணிகள் அசையாமல் ஒரே வரிசையில் நின்றிருந்தன. ஏதோ நடக்கிறது போலிருந்தது. அவன் அதைப்பற்றி அதிகம் யோசிக்கவில்லை.

“யாரு?” என்றாள் கத்தரீனாள். கண் திறக்கவில்லை.

“நாந்தேன்.”

“அழகு வரலயா?”

“இன்னும் வரல.”

அவள் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். பிறகு, “என்னத் திருப்பணும்” என்றாள். “நேரமாச்சு. முதுகு புண்ணாயிரும்.”

“வரட்டும். நான் எப்பிடி...”

“நீங்க திருப்புங்க.”

அவன் எழுந்து நின்றான். எங்கே கை வைப்பதென்று தெரியவில்லை. மூன்றாள் நீளப் பலகையை ஒற்றையாகப் புரட்டுகிறவன்தான்.

“ஒரு கை தோளுக்கு அடியில. ஒரு கை இடுப்புக்கு அடியில. இழுக்காதீக. ஒங்க பக்கமா உருட்டுங்க. மெதுவா.”

உருட்டினான். உடம்பு கனமே இல்லை. முதுகில் எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன. அவள் சொன்னபடி ஒரு துணியை மடித்து முதுகுக்கு அண்டை கொடுத்தான். முழங்கால்களுக்கு இடையில் இன்னொன்றை வைத்தான். இப்போது அவள் முகம் அவன் பக்கம் இருந்தது. இத்தனை கிட்டத்தில் அந்த முகத்தை அவன் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. நெற்றியில் தழும்பு ஒன்று இருந்தது. அது எப்போது வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“சரியா வச்சனா?”

“ம்.”

பார்லித் தண்ணீரைக் கரண்டியில் எடுத்து உதட்டோரம் வைத்தான். இரண்டு கரண்டி குடித்தாள். மூன்றாவது வழிந்துவிட்டது. துடைத்தான்.

சற்று நேரம் கழித்து அவள் முகம் ஒரு தடவை சுருங்கியது. கால் கொஞ்சம் மடங்கி நீண்டது. “என்ன?” என்றான். அவள் போர்வைக்குள்ளிருந்து வலது கையை மெல்ல எடுத்து, இடது மணிக்கட்டின்மேல் மூன்று விரல்களை வைத்துக்கொண்டாள். உதடுகள் லேசாக அசைந்தன. செபம் சொல்கிறாள் என்று நினைத்து அவன் விசிறியை நிறுத்தினான். வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு விரல்களை எடுத்துவிட்டாள்.

“நெத்தியத் தொட்டுப் பாருங்க. சூடு எறங்கிருச்சா?”

தொட்டான். நெற்றி குளிர்ந்து வேர்த்திருந்தது. கழுத்தைத் தொட்டான். அங்கேயும் வேர்வை. இருபது நாளாகக் கொதித்த உடம்பு.

“எறங்கிருச்சு” என்றான். குரல் அவனை மீறி உயர்ந்தது. “எறங்கிருச்சு கத்தரீனா. நல்லா எறங்கிருச்சு.”

அவள் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வருகிறவள் போல இருந்தது. அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சரி” என்றாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவனுக்குப் பேச்சு வந்தது. இல்லாவிட்டால் வந்திருக்காது.

“அன்னைக்கு மேட்டுல வந்து நின்னியாமே.”

வெளியே யாருடைய கோழியோ குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது. கத்தரீனாள் அவனை விட்டுப் பார்வையை எடுத்து, அவன் கையைப் பார்த்தாள்.

“கரண்டியத் தொட்டீகளே. கையக் கழுவுனீகளா?”

“இல்ல.”

“கழுவிட்டு வாங்க.”

அவன் வாசலுக்குப் போய்க் கழுவினான். விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினான். திரும்பி வந்தபோது அவள் கண் மூடியிருந்தாள். மூச்சு சின்னச் சின்னதாக வந்துகொண்டிருந்தது. போர்வையைத் தோள்வரை இழுத்துவிட்டு உட்கார்ந்தான். விசிறியை எடுத்துக்கொண்டான். அவள் தூங்கட்டும், நன்றாகத் தூங்கட்டும், எழுந்ததும் அந்தக் கஞ்சிச்சட்டியைப் பற்றிப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். வீசிக்கொண்டே இருந்தான்.

வெயில் சாய்ந்த பிறகு அழகுத்தாய் ஓடிவந்தாள். மேல்மூச்சு வாங்கியது. இருபத்தைந்து வயதுப் பெண். வாசலில் கைகழுவிக்கொண்டே உள்ளே பார்த்துப் பேசினாள்.

“புதுசா வந்த கணக்கப்பிள்ள எல்லாக் கூடையையும் கவுத்துட்டாரு அண்ணே. நான் எடுக்காத கொழுந்து எம்பேருல எப்பிடி வந்துச்சுன்னு கேட்டு ஒரு வரிசையவே நிறுத்தி வச்சிட்டாரு. கங்காணி ஐயா எவ்வளவோ சொன்னாரு, விடல. இப்பத்தான்...”

“மெதுவாப் பேசு” என்றான் சுவக்கீன். “காய்ச்சல் எறங்கிருச்சு. இப்பத்தான் தூங்குறா.”

அழகுத்தாயின் கை கிண்ணத்திலேயே நின்றது.

“எப்ப எறங்குச்சு?”

“மத்தியானத்துக்கு மேல. வேர்த்து எறங்குச்சு.”

அவள் உள்ளே வந்தாள். கட்டிலின் அந்தப் பக்கம் போய்க் குனிந்து, கத்தரீனாளின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தாள். இடம் மாற்றி வைத்தாள். மறுபடி மாற்றி வைத்தாள். கழுத்தோரம் தொட்டாள். பிறகு அந்தக் கையைத் தூக்கிப் போர்வைமேல் வைத்தாள். உயிருள்ள கையை யாரும் அப்படி வைப்பதில்லை. சுவக்கீன் அதைப் பார்த்தான். விசிறியை மட்டும் நிறுத்தவில்லை.

“மூணாவது வாரத்துல சூடு படக்குனு எறங்குனா நல்லதில்லண்ணே” என்றாள் அழகுத்தாய். சுவரைப் பார்த்துச் சொன்னாள். “உள்ளுக்குள்ள ரத்தம் போகுதுன்னு அர்த்தம். அக்காதான் சொல்லிக் குடுத்தாக.”

அவன் கையிலிருந்த விசிறியை அவள் வாங்கிக் கீழே வைத்தாள்.

மறுநாள் காலையில் அடக்கம். பங்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் மேலே வருவார் என்பதால் உபதேசியார் செபம் வாசித்தார். பெட்டியைச் சுவக்கீன் அடிக்கவில்லை. பாக்டரியில் மற்றவர்கள் அடித்துக் கொண்டுவந்தார்கள். பழுப்பு நகங்களைப் பார்த்து விலகி உட்கார்ந்தவர்களும் தோள் கொடுத்தார்கள். நர்ஸ் சங்கத்திலிருந்து வெள்ளைப் பூவளையம் ஒன்று வந்தது. அதில் கட்டியிருந்த அட்டையை உபதேசியார் படித்து, விசுவாசமுள்ள ஆயாவுக்கு என்று தமிழில் சொன்னார். நர்ஸ் வரவில்லை. ஆத்தங்கரைப் பங்களாவில் அன்று விடியற்காலையில்தான் பிள்ளை பிறந்திருந்தது.

பெண்களுக்கு லீவு இல்லை. ஆனாலும் மண் போடுகிற நேரத்துக்குச் சரிவிலிருந்து இறங்கி வந்தார்கள். கல்லறை வாசலில் கொழுந்துக் கூடைகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக இறக்கி வைத்தார்கள். ஐம்பது அறுபது கூடைகள் இருக்கும். பெரியமுத்து கங்காணி கூடைகளுக்குக் காவல் நிற்பவர் போல அங்கேயே நின்றுவிட்டார். இந்துப் பெண்கள் உள்ளே வரலாமா என்று தயங்கியபோது இருதயம்மாள் என்ற இளம்பெண் அவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டுவிட்டுக் கூடைகளை எடுத்துக்கொண்டு ஏறிப் போனார்கள்.

திரும்பும் வழியில் சுவக்கீன் சுருளியம்மாளுக்காகக் காத்து நின்றான்.

“நாந்தேன் அவளத் திருப்புனேன்” என்றான். “மத்தியானம். அதுலதான் உள்ள...”

“இல்ல.”

“எனக்குப் பழக்கமில்ல. அழுத்திப் பிடிச்சிருப்பேன்.”

“இருவது நாளும் நாங்க திருப்புனோமே தம்பி. அதெல்லாம் இல்ல.” சுருளியம்மாள் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். “சிஸ்டரம்மா எங்கிட்டச் சொல்லிட்டாக. வயிறு உப்பிருச்சு, எப்ப வேணும்னாலும் கிழியும்னு. நீ தொடாமயே இருந்தாலும் நடந்திருக்கும்.”

அவன் நம்பினானா என்பது அவளுக்குத் தெரியவில்லை. அதற்குமேல் அவன் கேட்கவில்லை.

கம்பெனி அவனுக்கு மூன்று நாள் விட்டிருந்தது. மூன்றாம் நாள் காலையில் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தபோது சுருளியம்மாள் வந்து வாசலில் நின்றாள். முறை நின்றுபோகும் போலிருக்கிறது என்றாள். கணக்கப்பிள்ளை கூடைகளைக் கவிழ்த்ததிலிருந்து பாதிப் பேர் பயந்துபோய்விட்டார்கள். யாருக்கு எந்த நாள், யார் வீட்டுக்கு யார் என்பதெல்லாம் கத்தரீனாளின் தலைக்குள்ளேயே இருந்தது. இப்போது ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

“ஆத்தோர லயத்துல மொக்கையன் கெடக்காரு. தொடையெலும்பு ஒடிஞ்சு, ரெண்டு கண்ணும் மங்கி... மகனும் மருமகளும் காட்டுல. வியாழன் கத்தரீனா முறை. இந்த மூணு வாரமும் நாந்தேன் மாத்திப் பாத்தேன். இன்னைக்கு எனக்கு இடுப்பு நிமிரல.” அவள் தரையைப் பார்த்தாள். “ஒங்கிட்டக் கேக்கக்கூடாதுதான்.”

சுவக்கீன் மட்டையைச் சுண்ணாம்புச் சட்டிக்குள் போட்டான்.

“எப்ப போகணும்?”

“வெயிலேறுறதுக்குள்ள மேலு தொடைக்கணும். கஞ்சி அடுப்புல இருக்கும்.”

ஆத்தோர லயத்தில் கடைசி வீடு. கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போனான். மொக்கையன் மல்லாந்து கிடந்தார். தாடி வெளுத்த பெரிய முகம். கதவு பக்கமாகத் திரும்பி, ஒன்றும் தெரியாத கண்களால் பார்த்தார். சுவக்கீன் கைகழுவிவிட்டு அடுப்பிலிருந்த வெந்நீரை எடுத்தான். குளிர்ந்த தண்ணீரைக் கலந்தான். முழங்கையை விட்டுப் பார்த்தான். கொஞ்சம் சூடாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கலந்தான்.

“யாரது?” என்றார் மொக்கையன். “காலடிச் சத்தம் ஆம்பள மாதிரி இருக்கு. இன்னைக்கு யாரு முறை?”

சுவக்கீன் துணியை நனைத்துப் பிழிந்தான். பிழிந்த தண்ணீர் பாத்திரத்தில் விழுந்து ஓய்ந்தது.

“கத்தரீனா முறை” என்றான்.

மொக்கையன் போர்வைக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்து அவன் பக்கமாக நீட்டினார்.